மன்னிப்பு வேறு, பெட்டிச் சாவி வேறு

சேலத்து சி.எஸ்.ஐ. சபைகளும் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைப் பேராலயமும் ஒரே திருச்சபையைச் சேர்ந்தவை என்றால் நம்மூரில் பலர் நம்புவதில்லை. நடுவில் கடல் இருக்கிறது, இரண்டு அரசாங்கங்கள் இருக்கின்றன. ஆனாலும் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானபோது யாழ்ப்பாணமும் ஓர் ஆதீனமாக அதில் சேர்ந்தது. வந்த வழியும் ஏறக்குறைய ஒன்றுதான். யாழ்ப்பாணத்துக்கு 1816-இல் அமெரிக்க மிஷன் வந்தது, சேலத்துக்கு 1827-இல் லண்டன் மிஷனரிச் சங்கம் வந்தது. சபையாரே கூடிச் சபையை நடத்த வேண்டும் என்கிற மரபு இரண்டுக்கும் உண்டு. 1908-இன் தென்னிந்திய ஐக்கிய சபை வழியாகவே இரண்டும் 1947-க்கு வந்து சேர்ந்தன.

மூலச் சட்டம் ஒன்று, வேதம் ஒன்று. ஆனால் ஞாயிறு பள்ளியில் யார் கற்றுக்கொடுக்கலாம், காணிக்கையை யார் எண்ணலாம், யார் மேடையேறிப் பாடலாம் என்று கேட்டுப் பாருங்கள். சேலம் நாமக்கல் பக்கம் ஒரு பதில் வரும், யாழ்ப்பாணத்தில் வேறொரு பதில் வரும். சம்பளம் வாங்கும் ஆயரையோ போதகரையோ பற்றி நான் பேசவில்லை. அவர்களுக்கு இறையியல் கல்லூரி, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை வரைக்கும் உண்டு. சும்மா வந்து உழைக்கிறவர்களைப் பற்றித்தான் பேச்சு. நம்மூரில் அவர்களை யாரும் பெரிதாக விசாரிப்பதில்லை. "காசு வாங்காம வர்றவங்ககிட்ட என்னத்தைங்க கேக்கறது?" என்பதே பதில். கேட்காமலே சேர்த்துக்கொள்கிறோம். பிறகு ஏதாவது காதில் விழுந்தால், அப்போதும் கேட்காமலே விலக்கிவிடுகிறோம்.

சேலம் நாமக்கல் சமவெளியில் ஆள் சேர்ப்பு மூன்று விதமாக நடக்கிறது. சி.எஸ்.ஐ. சபைகளில் பட்டியலும் தேர்தலும். திடப்படுத்தல் பெற்றவரா, சந்தா பாக்கி இல்லாதவரா, திருவிருந்துக்கு வருகிறவரா என்று பார்ப்பார்கள். இவை பேரேட்டைத் திறந்தால் தெரிகிற தகுதிகள். ஒருவருடைய நடத்தை பேரேட்டில் இருக்காது. நாமக்கல், சேந்தமங்கலம், இராசிபுரம் பக்கம் பாப்திஸ்து மரபு வேறு மாதிரி. அங்கே வந்தது ஸ்ட்ரிக்ட் பாப்திஸ்து மிஷன். கொல்லிமலையில் உழைத்த ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லின் பிராண்டும் அதன் ஊழியர்கள். பெயரிலேயே கண்டிப்பைச் சுமந்த அந்த மரபில், திருமுழுக்குக் கேட்கிறவர் சபைக் கூட்டத்தின் முன் நின்று தன் கதையைச் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டுச் சபையார் ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாவது, பைபாஸ் ரோட்டோரம் தகரக் கூரையில் வளர்ந்திருக்கும் சுயாதீனச் சபைகள். அங்கே பாஸ்டர் சொன்னால் சொன்னதுதான்.

முறை மூன்றானாலும், ஒருவரைத் தகுதியில்லாதவர் ஆக்குகிற குற்றங்களின் பட்டியல் ஏறக்குறைய ஒன்றே. குடி, இரண்டாம் கல்யாணம், கோர்ட்டு வரைக்கும் போன குடும்பத் தகராறு, வீட்டுப் பெண் வேறு சாதியில் அல்லது வேறு மதத்தில் கட்டிக்கொண்டது. கடைசியாகச் சொன்னது அந்தத் தகப்பனாரின் பாவமா, அந்தப் பெண்ணின் பாவமா, அல்லது பாவமே இல்லையா என்று எந்தக் கமிட்டியும் விவாதிப்பதில்லை. "சாட்சி கெட்டுப்போச்சு" என்ற இரண்டு வார்த்தையில் காரியம் முடிந்துவிடும்.

அந்தப் பட்டியலில் வராத ஒன்று என்னை உறுத்துகிறது: வட்டி. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் முன்பணம் வாங்கியே வேலைக்குச் சேர்கிறார்கள். அந்த முன்பணம் குடும்பத்தைப் பல வருடம் கட்டிப் போடும். கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்ற தறித் தொழிலாளர் கதை பள்ளிபாளையத்துக்குப் புதிதல்ல. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாடு அரசு 2003-இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. ஆனால் வட்டிக்கு விடுகிறவர் சபையில் பொருளாளராக இருப்பதை யாரும் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. "பணத்தைக் கையாளத் தெரிஞ்சவர்" என்பது அங்கே கூடுதல் தகுதி. பவுல் தீமோத்தேயுவுக்கும் தீத்துவுக்கும் எழுதிய தகுதிப் பட்டியல்களில் மணவாழ்க்கையும் மதுவும் வருகிற அதே மூச்சில் பண ஆசையும் வருகிறது. முன்னவற்றை உரக்க வாசித்துவிட்டு, பண ஆசை வருகிற இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம்.

எதைக் குற்றமாக எண்ணுகிறோம் என்பதே ஒரு சபையின் முகம். 1743-இல் மெதடிஸ்து இயக்கத்தின் ஜான் வெஸ்லி இங்கிலாந்தின் நியூகாசில் ஊரில் தம் சங்கத்திலிருந்து 64 பேரை நீக்கினார். ஏன் நீக்கினார் என்ற கணக்கையும் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். குடிவெறிக்காக 17 பேர், சண்டை சச்சரவுக்காக 3 பேர், சோம்பலுக்காக ஒருவர், மனைவியை அடித்ததற்காக ஒருவர். எல்லாவற்றிலும் பெரிய எண் 29. அத்தனை பேர் வெளியே போனது விளையாட்டுத்தனத்துக்கும் அசட்டைக்கும்! நிலக்கரிச் சுரங்க ஊரில் மனைவியை அடித்தவர் ஒரே ஒருவர்தானா என்று சந்தேகம் வரத்தான் செய்கிறது. ஆனாலும் அந்தக் குற்றம் அந்தக் கணக்கில் இருக்கிறது. நம் சபைகளில் பெண்டாட்டியை அடிக்கிறவர் கொயரில் பாடத் தடை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

வெஸ்லியின் ஆட்கள் 1814-இல் இலங்கை போய்ச் சேர்ந்தார்கள். அவர்களோடு போன ஓர் ஏற்பாடு எனக்குப் பிடித்தமானது. மெதடிஸ்து சபையில் ஒருவர் பிரசங்கிக்க விரும்பினால் உடனே மேடை கிடைக்காது. முதலில் மூத்தவர் ஒருவரோடு கூடப் போய் வழிபாட்டில் சிறு பகுதிகளை நடத்திப் பழக வேண்டும். அடுத்தது பரீட்சார்த்தக் காலம். படிப்பு, தேர்வு, பிரசங்கத்தைக் கேட்டவர்களின் அறிக்கை எல்லாம் உண்டு. அதன் பிறகே உள்ளூர்ப் பிரசங்கியார் என்ற அங்கீகாரம். சம்பளமில்லாத வேலைக்குத்தான் இத்தனையும். லாரித் தொழிலில் ஊறிய நாமக்கல்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. லாரியில் கிளீனராக ஏறினவன் கையில் முதல் மாதமே யாரும் ஸ்டியரிங்கைக் கொடுப்பதில்லை. ஆனால் அதே லாரி முதலாளி சபைக் கமிட்டியில் உட்கார்ந்தால், போன மாதம் வந்த பையனிடம் நாற்பது குழந்தைகளை ஒப்படைக்கத் தயங்குவதில்லை.

இலங்கையில் இன்னொரு பழக்கமும் உண்டு. வதிவிடத்துக்கும் நன்னடத்தைக்கும் கிராம அலுவலரிடம் சான்றிதழ் வாங்குவது அங்கே அன்றாட வாழ்க்கையின் ஒரு பகுதி. வேலைக்குக் கேட்பார்கள், வேறு எத்தனையோ காரியங்களுக்கும் கேட்பார்கள். 'உன் நடத்தையைப் பற்றி இன்னொருவர் எழுதித் தரட்டும்' என்பது அங்கே அவமானமாகத் தோன்றுவதில்லை. நம்மூரில் பள்ளிக்கூடத்து டி.சி.யோடு வந்த நன்னடத்தைச் சான்றுக்குப் பிறகு அப்படி ஒரு தாளை யாரும் பார்ப்பதில்லை. சபையில் கேட்டால் சண்டை வரும். "நான் இந்தச் சபையிலயே பொறந்து வளர்ந்தவன், என்னைச் சந்தேகப்படறீங்களா அய்யா?"

இலங்கைச் சபைகள் புனிதமானவை என்று இதற்குப் பொருளில்லை. யாழ்ப்பாணத்துச் சபைகளின் ஒழுக்க அளவுகோலில் கௌரவம் அதிகம் கலந்திருக்கிறது. மாஸ்டர், ரீச்சர், ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் என்றால் தகுதி தானாக வந்துவிடும். அமெரிக்க மிஷன் பள்ளிக்கூடங்கள் உண்டாக்கிய மரபு அது. அதன் அடியில் வேளாள ஆதிக்கம் என்கிற பழைய பாறை கிடக்கிறது. சாதி விஷயத்தில் நம் பக்கத்தில் ஒரு கூர்மையான முயற்சி நடந்தது. 1847-இல் மதுரை அமெரிக்க மிஷன், தன் உபதேசியார்கள் எல்லாச் சாதியாரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று சொன்னது. மறுத்தவர்களை நிறுத்தியும் வைத்தது. சாப்பிட மறுப்பதும் ஊழியத்துக்குத் தடையான பாவம்தான் என்று அறிவித்த நாள் அது. சேலத்திலோ யாழ்ப்பாணத்திலோ இன்றைக்கு ஒரு கமிட்டிக்காரரை இந்தக் கேள்வியோடு யாராவது எதிர்கொள்கிறார்களா? சபைத் தேர்தலில் சாதிக்கொரு அணி நிற்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே ஜெபத்தோடு ஓட்டுப் போடுகிறோம்.

விவாகரத்தானவர்கள் விஷயத்துக்கு வருவோம். இதில் நாட்டின் சட்டமே சபையின் மனத்தை வளைத்திருக்கிறது. இந்தியாவில் கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் வருடச் சட்டத்தின்படி, மனைவி பிறரோடு போனாள் என்று நிரூபித்தாலே புருஷனுக்கு விவாகரத்து கிடைத்தது. மனைவிக்கோ அது மட்டும் போதாது, கூடவே கொடுமையையோ கைவிட்டதையோ நிரூபிக்க வேண்டும். 2001-இல் திருத்தம் வந்தது. இருவரும் மனமொத்துப் பிரியவும் வழி திறந்தது. இலங்கையின் பொதுச் சட்டத்தில் அந்த வழி இல்லை. கல்யாணத்துக்குப் பின் பிறர் உறவு, வேண்டுமென்றே கைவிட்டது, கல்யாண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக் குறை: 1907-ஆம் வருடக் கட்டளைச் சட்டம் இந்த மூன்றைத்தான் காரணமாக ஏற்கிறது. ஆகவே ஒத்துக்கொண்டு பிரிகிறவர்களும் யாராவது ஒருவர் தலையில் குற்றத்தைச் சுமத்தித்தான் தீர்ப்பு வாங்க வேண்டும்.

இதனால் ஒரு விந்தை. இலங்கையில் விவாகரத்தான ஒருவர் ஊழியத்துக்கு வந்தால், குற்றவாளி இன்னார் என்று நீதிமன்றமே எழுதிய தாள் இருக்கும். அதில் பாதி நாடகமாக இருக்கலாம் என்று ஊருக்குத் தெரியும். அதனால் தாளை நம்பாமல் ஆளைப் பார்க்க வேண்டிய கட்டாயம் போதகருக்கு ஏற்படுகிறது. நம் பக்கம் மனமொத்த விவாகரத்தில் குற்றவாளியே கிடையாது. சட்டம் சொல்லாததை ஊர் சொல்லிவிடுகிறது, பெரும்பாலும் பெண்ணின் பெயரை. இருபது வருடம் ஞாயிறு பள்ளி நடத்தின பெண்ணை, புருஷன் வேறொருத்தியோடு போனதற்காக, "கொஞ்ச நாள் ஓய்வெடுங்கம்மா" என்று சொல்லி உட்கார வைத்தார்கள். எனக்கு நேராகத் தெரிந்த விஷயம் இது. சபையின் பெயர் வேண்டாம்.

யாழ்ப்பாணமும் வன்னியும் இரக்கத்தைப் படித்தது புத்தகத்தில் அல்ல. 2009 மே மாதத்தில் இலங்கை உள்நாட்டுப் போர் முடிந்தபோது ஆயிரக்கணக்கான பெண்களின் புருஷன்மார் இருக்கிறார்களா இல்லையா என்பதே தெரியவில்லை. சரணடைந்தவர்கள், பிடித்துப் போகப்பட்டவர்கள், கடைசி நாட்களில் கூட்டத்தில் தவறியவர்கள். 2016-இல் அரசு, ஆள் காணக்கிடைக்கவில்லை என்று சான்றிதழ் வழங்கச் சட்டம் செய்தது. அது மரணச் சான்றிதழ் ஆகாது, கல்யாணத்தை முடித்தும் வைக்காது. அதைக்கூட வாங்க மறுத்த பெண்கள் உண்டு. வாங்கினால் அவர் திரும்பி வரமாட்டார் என்று கையெழுத்துப் போட்டது போலாகும் என்ற பயம் அவர்களுக்கு.

அப்படிப்பட்ட ஒரு பெண், வருடங்கள் போன பிறகு, பிள்ளைகளை வளர்க்க ஒருவனோடு சேர்ந்து வாழத் தொடங்குகிறாள் என்று வையுங்கள். முதல் கணவன் செத்ததற்கு ஆதாரம் இல்லை, அதனால் கோயிலில் கல்யாணம் கட்ட முடியாது. ஒழுங்குப் புத்தகத்தைத் திறந்தால் அவள் திருவிருந்துக்கே வரக்கூடாது. ஆனால் அவள்தான் அந்தக் கிராமத்தில் படித்தவள், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கக் கூடியவள். "அவ என்ன செய்யிறது, அவவின்ர குற்றமே இது?" என்று ஊரே கேட்கும்போது எந்தப் போதகரும் புத்தகத்தை நீட்டத் தயங்குவார். இங்கே விதி தளர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். விதி எதற்காக இருக்கிறது என்பது வெளியே தெரிந்துவிட்டது. கல்யாண விதி ஏமாற்றப்படுகிறவரைக் காக்க வந்தது. ஏமாற்றப்பட ஆளே இல்லாத இடத்தில் அதைச் சுழற்றினால் ஏற்கெனவே அடிபட்டவள் மேல்தான் விழும்.

விடுதலைப் புலிகளின் முன்னாள் போராளிகள் கதை இன்னும் சிக்கலானது. ஏறத்தாழ 12,000 பேர் அரசின் புனர்வாழ்வு முகாம்கள் வழியாக வெளியே வந்தார்கள். சிலர் பிள்ளைப் பருவத்திலேயே இழுத்துச் செல்லப்பட்டவர்கள். சிலர் இழுத்துச் சென்றவர்கள். இரு வகையாரும் ஒரே ஆலயத்தில் பக்கத்துப் பக்கத்து வாங்கில் உட்காரலாம். தன் மகனைப் பிடித்துப் போனவன் வாலிபர் கூட்டம் நடத்த எழுந்தால் அந்தத் தாய் எங்கே போவாள்? இரக்கத்துக்கும் இங்கே ஓர் எல்லை தெரிகிறது. அவனை மன்னிக்கச் சபைக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தத் தாயின் சார்பில் அவனுக்கு மேடை கொடுக்க உரிமை இல்லை.

நாமக்கல்லுக்கும் இப்படி ஒரு பாடம் வந்தது. தொண்ணூறுகளின் இறுதியிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. அதிகம் காணப்பட்ட மாவட்டங்களில் நாமக்கல் ஒன்று. லாரித் தொழிலோடு வந்த துயரம் அது. புருஷனிடமிருந்து நோயை வாங்கிக்கொண்டு, அவரையும் அடக்கம் செய்துவிட்டுத் தனியாக நின்ற பெண்கள் எத்தனையோ பேர். வன்னிப் பெண்ணைப் போலவே அவர்களும் தாங்கள் செய்யாததற்குத் தண்டனை அனுபவித்தவர்கள். ஆனால் இங்கே சபைகள் அதை ஒழுங்குப் பிரச்சினையாகக் கூட எடுத்துப் பேசவில்லை. பேசாமல் நகர்ந்து உட்கார்ந்தார்கள். போர் ஊரையே ஒன்றாகத் தாக்கியதால் யாழ்ப்பாணம் வாய்விட்டுப் பேசியது. நோய் வீடு வீடாக, கதவைச் சாத்திக்கொண்டு வந்ததால் நாமக்கல் பேசவில்லை.

நம் சபைகளில் இரக்கமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வேறொரு வடிவத்தில் அது ஏராளமாக இருக்கிறது. கன்வென்ஷன் போஸ்டர்களைப் பாருங்கள். முன்னாள் ரவுடி, முன்னாள் மந்திரவாதி, முன்னாள் குடிகாரர் எல்லாரும் சாட்சி சொல்ல வருகிறார்கள். ஞானஸ்நானத்துக்கு முன்னால் செய்த பாவம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய மேடை. ஞானஸ்நானத்துக்குப் பின்னால் ஒருமுறை சறுக்கினவருக்கோ 'பின்மாற்றக்காரர்' என்ற பட்டம், ஆயுசுக்கும் பின்வரிசை. ஆதிச் சபையிலும் இந்தக் கணக்கு இருந்தது. அதனால்தான் பலர் திருமுழுக்கைத் தள்ளிப்போட்டார்கள். கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தியே 337-இல் மரணப் படுக்கையில்தான் முழுக்குப் பெற்றார்.

இன்னொரு வடிவம் ஆபத்தானது: பெரிய குடும்பத்துக்கான இரக்கம். குழந்தையிடம் தவறாக நடந்தார் என்று ஒருவர் மேல் புகார் வருகிறது. கமிட்டி கூடுகிறது, அந்த ஆள் அழுகிறார், முழங்காலில் நிற்கிறார், "ஆண்டவரே மன்னிச்சிட்டார், நாம யாருங்க?" என்று ஒரு மூத்தவர் முடித்துவைக்கிறார். அடுத்த மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் (வி.பி.எஸ்.) அதே ஆள் வாலண்டியர் அட்டையோடு நிற்கிறார். இதற்கு இரக்கம் என்று பெயர் வைக்க என்னால் முடியாது. இந்தியாவின் 2012 போக்சோ சட்டப்படி விஷயம் தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். மறைத்தால் அது தனிக் குற்றம், நிறுவனத் தலைவருக்குத் தண்டனை கூடுதல். இலங்கையில் 1998-இன் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை வந்தது. அங்கே அழைக்க வேண்டிய எண் 1929, இங்கே 1098. கமிட்டி தீர்ப்புச் சொல்லக்கூடிய விஷயமே அல்ல இது. இந்த ஒன்றில் இரு கரைக்கும் வித்தியாசம் காட்ட எனக்கு எதுவும் இல்லை. குடும்பப் பெயர் கெட்டுவிடும் என்ற பயம் யாழ்ப்பாணத்தில் நம்மைவிடக் குறைவு என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

ஆகவே தகுதியா இரக்கமா என்று தராசு பிடிப்பதே கோளாறு என்று நினைக்கிறேன். எந்த வேலை என்று முதலில் கேட்க வேண்டும். குழந்தைகள் உள்ள வேலை, பணம் உள்ள வேலை, பலவீனமானவரோடு தனியறையில் பேசுகிற வேலை: இந்த மூன்றிலும் பிழைத்தால் பாதிக்கப்படுகிறவர் வேறொருவர். இங்கே அளவுகோல் கடுமையாக இருக்கட்டும். வட்டிக்காரருக்கும் அது பொருந்தட்டும். பாய் விரிக்க, சமைக்க, பாட, ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோக விவாகரத்தான பெண்ணையும் திருந்திய குடிகாரரையும் தடுப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. அவர்களைத் தடுக்கிற கமிட்டி, காணிக்கைப் பெட்டிச் சாவியைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கிறது.

வேலையைப் பார்த்து ஆளை எடைபோடுவது வேதத்தில் வரும் மாற்கு கதையில் நடந்திருக்கிறது. பம்பிலியாவில் பாதியிலேயே விட்டுவிட்டுப் போன அந்த இளைஞனை மறுபடி கூட்டிப்போகப் பவுல் மறுத்தார். பர்னபா விடவில்லை. இருவரும் சண்டை போட்டுப் பிரிந்தே போனார்கள். பர்னபா அவனைக் கூட்டிக்கொண்டு சைப்பிரஸ் தீவுக்குப் போனார். அது பர்னபாவுக்குச் சொந்த ஊர், ஆபத்துக் குறைவு. பல வருடம் கழித்துச் சிறையிலிருந்து எழுதும்போது பவுலே, மாற்கு எனக்குப் பயன்படுவான், அவனை அழைத்து வா என்கிறார். பர்னபாதான் சரி என்று பிரசங்கங்களில் முடிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடினமான பயணத்துக்கு அப்போது அவன் வேண்டாம் என்றதும் சரி, சுலபமான இடத்தில் அவனைப் பழக்கியதும் சரி.

எவ்வளவு காலம் நிறுத்தி வைப்பது என்பதும் ஒரு கேள்வி. 325-இல் நீசேயாவில் கூடிய பேராயர்கள், துன்புறுத்தலின்போது வற்புறுத்தலே இல்லாமல் விசுவாசத்தை மறுதலித்தவர்களுக்குப் பன்னிரண்டு வருடம் விதித்தார்கள்: மூன்று வருடம் கேட்கிறவர்களோடு, ஏழு வருடம் தாழவிழுகிறவர்களோடு, இரண்டு வருடம் பந்தியில் பங்கில்லாமல் ஜெபத்தில் மட்டும். நமக்கு அது கொடூரமாகத் தெரியலாம். ஆனால் அதற்கு ஒரு முடிவு நாள் உண்டு. செயலில் மனந்திரும்புதலைக் காட்டுகிறவர்களிடம் பேராயர் இளகி நடந்துகொள்ளவும் அடுத்த விதியில் இடம் வைத்தார்கள். நம் கமிட்டிகளின் மினிட் புத்தகத்தைப் புரட்டினால் 'இன்னார் ஊழியத்திலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார்' என்ற வரி இருக்கும், தேதியோடு. எப்போது மறுபடி அழைத்துப் பேசுவது, யார் பேசுவது, அதுவரை அவரைப் போய்ப் பார்ப்பது யார் என்ற வரி இருக்காது. ஏப்ரலில் வி.பி.எஸ். பட்டியல் போட உட்காரும்போது சேலத்திலும் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியிலும் முதலில் எழுத வேண்டியது அந்த வரியைத்தான். அதற்குப் பிறகு புதுப் பெயர்களுக்கு வரலாம்.